உடைந்த பாலம்: ஜோர்ஜிய எழுத்தாளர் இலியா சவ்சவாட்சே

கருங்கடலுக்கும் காஸ்பியன் கடலுக்கும் இடையிலே, வடக்கே கோக்கேசிய மலைத்தொடரை மதிலாகக் கொண்டு அமைந்தது ஜோர்ஜியா என்னும் சிறு நாடு. அந்நாட்டு மக்கள் தம் நாட்டைச் சகார்த்வேலோ என்று அழைப்பர். அவர்களுடைய மொழி ருஷிய மொழிக்கோ பாரசீகத்துக்கோ துருக்கிய மொழிக்கோ உறவானதன்று. அதற்கெனத் தனி எழுத்து உண்டு. நான்காம் நூற்றாண்டிலேயே கிறித்தவ சமயத்தைத் தழுவிய அம்மக்கள், தாமார் அரசியின் காலத்திலே ஷோதா ருஸ்தவேலி பாடிய 'புலித்தோல் போர்த்த வீரன்' என்னும் காவியத்தைத் தம் இலக்கியத்தின் முடிமணியாகப் போற்றி வந்தனர். பின்னர் வந்த நூற்றாண்டுகளிற் பாரசீகரும் துருக்கரும் அந்நாட்டை மாறி மாறி அலைக்கழித்தனர். அவர்களுக்கு அஞ்சி, 1783ஆம் ஆண்டிலே கிழக்கு ஜோர்ஜிய மன்னர் இரண்டாம் எரெக்லே தம்மைப்போல் கிறித்தவ நாடாகிய ருஷியாவின் பாதுகாப்பை நாடி உடன்படிக்கை செய்தார். காவலுக்கு வந்தவர் வீட்டுக்கு உடையவராயினர். 1801ஆம் ஆண்டிலே கிழக்கு ஜோர்ஜியா ருஷியப் பேரரசின் ஒரு மாகாணமாக்கப்பட்டது. பழைய அரச குலம் அகற்றப்பட்டது. திருச்சபையின் தனியுரிமையும் விரைவிற் பறிபோயிற்று.

எனினும் ருஷிய ஆட்சி ஒன்றை மட்டும் மாற்றவில்லை. குடியானவன் முன்போலவே நிலத்தோடு பிணைக்கப்பட்ட பண்ணையடிமையாக இருந்தான். பிரபு முன்போலவே அவனுடைய உழைப்பை உண்டு வாழ்ந்தான். பிரபுக்களின் பட்டங்களைச் சக்கரவர்த்தியின் அரசாங்கம் பதிவு செய்து உறுதிப்படுத்திக் கொடுத்தது. பட்டத்தைப் பெற்றவர்கள் நாடு போனதைப்பற்றிப் பெரிதும் கவலைப்படாமல் உண்டு உறங்கினர். இந்த உறக்கத்தைக் கலைத்தவர், அவ்வகுப்பிலேயே பிறந்த ஒருவர். அவர் பெயர் இலியா சவ்சவாட்சே.

கிழக்கு ஜோர்ஜியாவிலே திராட்சைத் தோட்டங்களுக்குப் பேர்போன ககேத்திப் பகுதியில், குவாரெலி என்னும் ஊரில், 1837ஆம் ஆண்டு இலியா பிறந்தார். தந்தையார் கிரிகோல், படையிற் பணியாற்றிய ஒரு பிரபு. குலம் பெரிது, செல்வம் அத்துணை பெரிதன்று. எழுத்தறிவித்தவர் ஊர்க் கோயிலைச் சேர்ந்த ஒரு திருத்தொண்டர். அவர் கதை சொல்லுவதிலே வல்லவர். முன்னோர் செய்த வீரச் செயல்களையும் தியாகங்களையும் அவர் சொல்ல, பிரபுவின் மைந்தனும் குடியானவர் பிள்ளைகளும் ஒரே திண்ணையில் இருந்து கேட்டனர். பிற்காலத்தில் இலியா எழுதிய கதைகளிலே குடியானவர் பேசும்போது அவர்களுடைய பேச்சு பொம்மைப் பேச்சாக இராமல் உயிருள்ள பேச்சாக இருப்பதற்கு இந்தத் திண்ணையே காரணம் எனலாம்.

பத்து வயதிலே தாயை இழந்தார். பதினைந்து வயது நிரம்புமுன் தந்தையையும் இழந்தார். மக்ரினே என்னும் அத்தையார் குழந்தைகளைத் தாங்கி வளர்த்தார். திபிலீசி நகரிலே கல்வி பயின்ற பின்னர், 1857ஆம் ஆண்டிலே சென் பீற்றர்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்திற் சட்டம் பயிலப் புறப்பட்டார். அந்நாளில் ஜோர்ஜியாவிலே பல்கலைக்கழகம் இல்லை. உயர்கல்வி வேண்டுவோர் மலையைக் கடந்து தேரெக் ஆற்றின் கரை வழியே வடக்கு நோக்கிச் செல்ல வேண்டும். இவ்வாறு சென்று மீண்ட இளைஞர்களை ஊரார் 'தேரெக் நீர் பருகியோர்' என்று அழைத்தனர். கேலியாகத் தொடங்கிய அப்பெயர் பின்னர் ஒரு தலைமுறையின் பெயராகவே நிலைத்துவிட்டது.

பீற்றர்ஸ்பேர்க்கில் அவர் வாழ்ந்த நான்கு ஆண்டுகள், ருஷியாவிலே பண்ணையடிமை முறையை ஒழிப்பது பற்றி எங்கும் வாதம் நிகழ்ந்த ஆண்டுகளாகும். செர்னிஷேவ்ஸ்கி, தொப்ரொலியூபொவ் முதலியோரின் கட்டுரைகளை மாணவர்கள் கைக்குக் கை மாற்றிப் படித்தனர். இத்தாலியிலே கரிபால்டி நடத்திய விடுதலைப் போர் அவர்களுடைய உள்ளத்தைக் கவர்ந்தது. அடிமைப்பட்ட மக்களின் விலங்கு முறியும் ஓசை தமது நாட்டிலும் கேட்குமா என்ற ஏக்கத்தை இலியா அக்காலத்திலே ஒரு சிறு கவிதையாகப் பாடினார். பெருங்கதைகள் பலவற்றையும் அவர் தொடங்கியது இக்காலத்திலேயே. 1861ஆம் ஆண்டில் மாணவர் கிளர்ச்சி மூண்டபோது பட்டம் பெறாமலே பல்கலைக்கழகத்தை விட்டுத் தாயகம் திரும்பினார்.

திரும்பிய அப்பயணத்தைப் பற்றி அவர் எழுதிய 'வழிப்போக்கன் கடிதங்கள்' ஜோர்ஜிய உரைநடையின் புதிய தொடக்கமாகக் கருதப்படுகிறது. அதிலே ஒரு ருஷிய அதிகாரி வருகிறான். ஒரு நாட்டின் நாகரிகத்தை அந்நாட்டிலுள்ள ஜெனரல்களின் தொகையைக் கொண்டு அளப்பவன் அவன். இந்த நகைச்சுவை முடிந்தபின் வேறொரு மனிதன் எதிர்ப்படுகிறான். லெல்த் குனியா என்னும் மலைநாட்டுக் குடியானவன் அவன். படிப்பறியாதவன், ஆயினும் நாட்டு நிலைமையை அவன் அறிந்த அளவு, உடன் வந்த அதிகாரி அறிந்திலன். முற்காலத்திற் பகையும் சாவும் மலிந்திருந்தன என்றும், இன்று அமைதி நிலவுகின்றது என்றும் அவனே ஒப்புக்கொள்கிறான். ஆனால், நல்லதோ கெட்டதோ, அன்று நாம் நமக்கே உரியவராக இருந்தோம் என்பது அவனுடைய கருத்து. இக்கருத்தை ஒரு பிரபுவின் வாயிலோ, படித்த இளைஞனின் வாயிலோ வைக்காமல் மலைச்சரிவிலே குதிரையோட்டும் ஒருவனின் வாயில் வைத்தார் இலியா. நூலின் உயிர் அங்கேதான் இருக்கின்றது. தணிக்கையாளர் கண்ணுக்கு அஞ்சி, அந்நூல் நெடுங்காலம் முழுமையாக வெளிவரவில்லை.

ஊருக்கு வந்த இளைஞர் முதலிலே போர் தொடுத்தது மொழியைப் பற்றியே. 1861இல் 'சிஸ்காரி' என்னும் சஞ்சிகையிலே ஒரு கட்டுரை எழுதினார். முதிய பிரபு ஒருவர் செய்த ருஷியக் கவிதை மொழிபெயர்ப்பு ஒன்றைப் பற்றிய கண்டனமே அது. ஆனால் அதனுள்ளே பெரிய கேள்வி ஒன்று அடங்கியிருந்தது. மக்கள் பேசாத பழைய கோயில் மொழியிலே நூல் எழுதுதல் யாருக்காக? வழக்கொழிந்து, ஒலியும் மறைந்துபோன எழுத்துகளை நெடுங்கணக்கிலே வைத்துக்கொண்டு பிள்ளைகளைத் தண்டித்தல் எதற்காக? இளைஞர் அத்தகைய எழுத்துகள் ஐந்தையும் கைவிட்டு எழுதத் தொடங்கினர். முதியோர் கொதித்தெழுந்தனர். முன்னோர் தந்த எழுத்தைத் தொடுவதற்கு நேற்று வந்த பிள்ளைக்கு என்ன உரிமை என்று கேட்டனர். தந்தையர்க்கும் மைந்தர்க்கும் நிகழ்ந்த போர் என்று இலக்கிய வரலாற்றிலே பேசப்படும் இச்சச்சரவிற் காலம் மைந்தர் பக்கமே நின்றது. இன்று ஜோர்ஜிய நெடுங்கணக்கிலே 33 எழுத்துகளே வழங்குகின்றன.

எழுத்தைக் குறைத்தது எழுத்தறிந்தோரைப் பெருக்குவதற்காக. 1863ஆம் ஆண்டிலே 'ஜோர்ஜியத் தூதன்' என்று பொருள்படும் 'சகார்த்வேலோஸ் மொவாம்பே' என்னும் மாத சஞ்சிகையை இலியா தொடங்கினார். அஃது ஓராண்டுக்கு மேல் நீடிக்கவில்லை. ஆயினும் அதிலே வெளிவந்த ஒரு கதை நாட்டையே உலுக்கிவிட்டது. 'இவனும் ஒரு மனிதனா?' என்பது அதன் தலைப்பு.

லுவார்சாப் என்னும் ஒரு பிரபுவும் தரேஜான் என்னும் அவன் மனைவியும் அக்கதையின் மாந்தர். அழுக்கடைந்த முற்றம்; இடிந்துகொண்டிருக்கும் வீடு. அதனுள்ளே பருத்த உடலோடு பாயிலே சாய்ந்து கூரையிலுள்ள ஈக்களை எண்ணிக்கொண்டிருக்கும் கணவன். இன்று என்ன சமைப்பது என்பதைப் பற்றி இருவருக்கும் நாள்தோறும் நிகழும் பெரும் ஆலோசனை. அவனுக்குத் திருமணமான வகையும் ஒரு மோசடியே. அழகி ஒருத்தியைக் காட்டி ஆசையூட்டிய தரகர், மணவறையிலே வேறொருத்தியை நிறுத்திவிட்டனர். பிள்ளைப்பேறு வேண்டிக் குறிகாரியிடம் செல்கின்றனர், அவளும் ஏமாற்றுகிறாள். இறுதியில் இருவரும் இறக்கின்றனர். அவர்கள் ஏன் வந்தனர், ஏன் போயினர் என்று சொல்லுவதற்கு ஒன்றுமில்லை. வேறு நிகழ்ச்சி எதுவும் கதையில் இல்லை. நிகழ்ச்சி இல்லாமையே அதன் பொருள்.

சிரிப்பதற்காக இக்கதையைத் திறந்தவர்கள் சிரித்தனர், பின்னர் அமைதியடைந்தனர். ஊரிலுள்ள பிரபுக்கள் ஒவ்வொருவரும் தம்மையே எழுதிவிட்டார் என்று சினந்தனர் என்றால் அதிலே வியப்பில்லை. எழுதியவர் லுவார்சாப்பை ஒரு கொடியவனாகப் படைக்கவில்லை என்பதையும் இங்கே கவனித்தல் வேண்டும். அவன் இரக்கமுள்ளவன், மனைவியை நேசிப்பவன். அவன் செய்யும் தீமை ஒன்றே. அவனுக்காகப் பிறர் உழைக்கின்றனர்; அவன் உழைப்பதில்லை. ஒரு மனிதனைக் கெடுப்பதற்கு அஃது ஒன்றே போதும் என்று கதை சொல்லாமற் சொல்லுகின்றது. பண்ணையடிமை முறை அடிமையை மட்டும் அழிக்கவில்லை, ஆண்டானையும் அழித்தது என்ற இந்த நோக்கு அக்காலத்திலே அரிதானது.

அடிமையின் பக்கத்தையும் அவர் எழுதாமல் விடவில்லை. 'கொள்ளைக்காரன் காக்கோ' என்னும் கதைப் பாட்டிலே, தன் முதிய தந்தையைச் சவுக்கால் அடித்துக் கொன்ற பிரபுவைச் சுட்டுவிட்டுக் காட்டுக்கு ஓடுகிறான் ஓர் இளைஞன். 'பிச்சைக்காரனின் கதை'யிலே, கப்ரோ என்னும் குடியானவனும் ஆண்டையின் மகனும் சிறுவயதில் ஒன்றாக வேட்டையாடித் திரிந்தவர்கள். வளர்ந்தபின் ஆண்டையின் மகன், கப்ரோ விரும்பிய பெண்மீது கண்வைக்கிறான். பொய்க் குற்றம் சாட்டிக் கப்ரோவைச் சிறைக்கு அனுப்புகிறான். நட்பு இருந்த இடத்திலே கொலை வந்து சேர்கின்றது. இக்கதைகளை எழுதியவரின் குடும்பத்துக்கும் அடிமைகள் இருந்தனர். இதை மறந்துவிட்டு அவரைப் படிப்பவர், அவர் எழுத்திலுள்ள வேதனையிற் பாதியைத் தவறவிடுவர்.

1864ஆம் ஆண்டு இறுதியிலே திபிலீசி மாகாணத்திற் பண்ணையடிமை முறை ஒழிக்கப்பட்டது. ருஷியாவின் உட்பகுதிகளில் ஒழிந்து மூன்று ஆண்டுகளுக்குப் பின்பு இது நிகழ்ந்தது. குடியானவனுக்கு உடம்பு விடுதலையாயிற்று, நிலம் விடுதலையாகவில்லை. நிலத்தின் பெரும்பகுதி பிரபுவிடமே நின்றது. குடியானவன் தான் உழுத துண்டுக்கு வாரம் கொடுக்க வேண்டியவனானான். முழுவிலையையும் கொடுத்து நிலத்தை வாங்கும் வரையிலே அவன் 'தற்காலிகக் கடப்பாடு உடையவன்' என்று சட்டம் கூறியது. இந்தத் தற்காலிகம் 1912ஆம் ஆண்டு வரை நீண்டது. அரசாங்கங்கள் தற்காலிகம் என்னும் சொல்லை எவ்வளவு தாராளமாக வழங்குகின்றன என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுவதில்லை.

இச்சட்டத்தை நடைமுறைப்படுத்துவதற்கு ஒவ்வொரு பகுதியிலும் மத்தியஸ்தர் நியமிக்கப்பட்டனர். திபிலீசிக்கு வடக்கேயுள்ள துஷெத்திப் பகுதிக்கு இலியா மத்தியஸ்தராகச் சென்றார். எந்த வயல் யாருக்கு, எவ்வளவு வாரம், எந்தக் காட்டிலே விறகு எடுக்கலாம், எந்த வாய்க்காலிலே நீர் பாய்ச்சலாம் என்று பிரபுவையும் குடியானவனையும் எதிரெதிரே இருத்திப் பத்திரம் எழுதுவது அவர் வேலை. பின்னர் அவ்விடத்திலேயே சமாதான நீதவானாகவும் இருந்தார். இவ்வாறு ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் கழிந்தன. கவிஞர் ஒருவர் பத்தாண்டுக் காலம் வாய்க்கால் வழக்குகளிற் செலவிட்டது வீண் என்று எண்ணுவோர் உண்டு. அவருடைய பிற்காலக் கட்டுரைகளைப் படித்தவர் அவ்வாறு எண்ணார். 'வாழ்வும் சட்டமும்' என்னும் தலைப்பிலே கிராம நீதிமன்றங்களையும் கிராமத் தன்னாட்சியையும் பற்றி அவர் எழுதிய தொடர் கட்டுரைகளில், சட்டப் புத்தகத்திலே இல்லாத அறிவு நிறைந்து கிடக்கின்றது.

1875ஆம் ஆண்டிலே திபிலீசிப் பிரபுக்கள் காணி வங்கி நிறுவப்பட்டது. அதன் தலைவர் பொறுப்பை இலியா ஏற்றார். முப்பது ஆண்டுகள் அப்பொறுப்பிலே இருந்தார். அவர் வாழ்க்கையிலே மிகவும் வாதத்துக்குரிய பகுதி இதுவே. பண்ணையடிமைகளின் உழைப்பை இழந்த பிரபுக்கள் கடனில் மூழ்கினர். நிலங்கள் அயலார் கைக்கு மாறத் தொடங்கின. நிலம் போனால் நாடும் போய்விடும் என்று இலியா அஞ்சினார். வங்கி ஈட்டும் இலாபத்தைப் பங்கிட்டுத் தின்னாமல் நாட்டின் பொதுத் தேவைகளுக்குச் செலவிட வேண்டும் என்பது அவருடைய உறுதியான கொள்கை. சொந்த அரசாங்கம் இல்லாத நாட்டுக்கு அந்த வங்கியே ஒரு சிறு திறைசேரி போல் ஆயிற்று. பாடசாலைகளுக்கும் நாடக அரங்குக்கும் அங்கிருந்து பணம் சென்றது. திபிலீசியிலே பிரபுக்கள் உயர்பாடசாலைக்கென எழுப்பப்பட்ட பெருங் கட்டடத்தில், 1918ஆம் ஆண்டு நாட்டின் முதற் பல்கலைக்கழகம் திறக்கப்பட்டது. தேரெக் நதியைக் கடவாமலே உயர்கல்வி பெறும் நாள் அவ்வாறு வந்தது. அந்நாளைக் காண இலியா இருக்கவில்லை.

ஆயினும் அவ்வங்கி பிரபுக்களின் வங்கியே. நிலத்தை ஈடு வைக்க நிலம் உடையவனாலேயே முடியும். நிலமில்லாக் குடியானவன் அதன் வாயிலிலே நின்று கண்டது என்ன? லுவார்சாப்பின் பேரர்கள் வண்டியில் வந்து கடன் பெற்றுச் செல்வதைத்தான். வங்கியின் ஆண்டுக் கூட்டங்கள் பெருஞ் சண்டைகளாக முடிந்தன. இலியாவோடு சேர்ந்து ஷேக்ஸ்பியரின் 'லியர் அரசன்' நாடகத்தை மொழிபெயர்த்த நண்பர் இவானே மச்சாபெலி, வங்கி விவகாரத்தினால் எதிரணிக்குச் சென்றார். ஷேக்ஸ்பியரை ஜோர்ஜிய மொழிக்குச் சொந்தமாக்கிய அப்பெரியார் 1898ஆம் ஆண்டில் ஒருநாள் வீட்டை விட்டு வெளியேறியவர் திரும்பி வரவேயில்லை. அவருக்கு நேர்ந்தது இன்றும் ஒரு மர்மமாகும்.

மற்றொரு போராட்டம் பாடசாலைகளைப் பற்றியது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே கோக்கேசியக் கல்வி அதிகாரிகள் பாடசாலைகளிலிருந்து ஜோர்ஜிய மொழியைப் படிப்படியாக அகற்றி, குழந்தைகளுக்கு முதல் நாளிலிருந்தே ருஷிய மொழியிற் கற்பிக்க முற்பட்டனர். இலியா 1877ஆம் ஆண்டிலே தொடங்கிய 'இவேரியா' பத்திரிகை இதை எதிர்த்து ஓயாது எழுதியது. குழந்தையின் அறிவு தாய்மொழியிலே கண்விழிக்கிறது. அறியாத மொழியிலே பாடத்தை மனனம் செய்யும் குழந்தை அறிவையும் பெறுவதில்லை, அந்த மொழியையும் பெறுவதில்லை என்பது அவர் வாதம். இதைக் கோபத்தோடு சொல்லாமல், கல்வி நூலார் கூற்றுகளைக் காட்டி, தணிக்கையாளர் கத்தரிக்க இடங்கொடாத நிதானத்தோடு எழுதினார். 1879ஆம் ஆண்டிலே ஜோர்ஜியரிடையே எழுத்தறிவு பரப்பும் சங்கம் தோன்றியது. 1885 முதல் இறக்கும் வரை அதன் தலைவர் இலியாவே. இயாகோப் கோகெபாஷ்விலி என்னும் ஆசிரியர் 1876இல் எழுதிய 'தாய்மொழி' என்னும் அரிச்சுவடி வீடுகள்தோறும் பரவியது. அரசாங்கம் மூடிய கதவுக்குப் பக்கத்திலே மக்கள் தாமே ஒரு வாயிலைத் திறந்துகொண்டனர்.

'இவேரியா' வாரப் பத்திரிகையாகவும் பின்னர் மாத சஞ்சிகையாகவும் வெளிவந்து, 1886 முதல் தினசரியாயிற்று. அதிலே இடம்பெறாத பொருள் இல்லை. ககேத்தித் திராட்சை மதுவை மருந்துச் சரக்குகள் கலவாமல் பழைய முறையிலே எவ்வாறு காய்ச்சாது புளிக்க வைப்பது என்பதைப் பற்றிக்கூட இலியா தொடர்ந்து எழுதினார். புகழ்பெற்ற கவிஞர் வாழா-ப்ஷவேலா போன்றோரின் படைப்புகள் அதில் வெளிவந்தன. 1895ஆம் ஆண்டிலே திபிலீசிக் குருமடத்து மாணவன் ஒருவன் புனைபெயரில் அனுப்பிய கவிதைகளும் அதில் அச்சாயின. யோசேப் ஜுகாஷ்விலி என்பது அம்மாணவன் பெயர். ஸ்டாலின் என்று உலகம் பின்னர் அறிந்தது அவனையே. அதே ஆண்டில், ஜோர்ஜிய மொழியைத் தாமே முயன்று கற்ற மார்ஜரி வார்ட்ரொப் என்னும் ஆங்கில மாது, இலியாவின் 'துறவி' என்னும் கதைப் பாட்டை ஆங்கிலத்திற் பெயர்த்து இலண்டனிலே வெளியிட்டார். உலகத்தை வெறுத்து மலைக்குகையிலே தவமிருக்கும் ஒருவனிடம் புயலுக்கு அஞ்சி ஓர் இடைப்பெண் வந்து ஒதுங்க, அவனுடைய தவம் முழுவதும் ஓரிரவிலே குலைந்து போவதை அப்பாட்டு கூறும்.

இவற்றுக்கெல்லாம் நடுவே, 1887ஆம் ஆண்டிலே 'ஓதார் குடும்பத்து விதவை' என்னும் நெடுங்கதையை இலியா எழுதினார். கடுஞ்சொல்லும் நேர்மையான உழைப்பும் உடையவள் அவ்விதவை. ஊரிலே எவருக்கும் தலைவணங்காதவள். மறைவாகப் பிறர்க்கு உதவுபவள். அவளுடைய ஒரே மகன் கியோர்கி. அவன் அடுத்துள்ள பிரபு வீட்டுப் பெண் கேசோமீது காதல் கொள்கிறான். சொல்ல வழியில்லை. அவளை நாள்தோறும் காண்பதற்காகவே, சொந்த நிலம் இருந்தும் அவ்வீட்டிலே கூலியாளாகச் சேர்கிறான். கேசோவும் அவள் அண்ணன் ஆர்ச்சிலும் கெட்டவர் அல்லர். படித்தவர்கள், குடியானவரிடம் அன்புடையவர்கள், இலியாவின் கட்டுரைகளைப் படித்து வளர்ந்த தலைமுறை என்றே சொல்லலாம். ஆயினும் அவன் உள்ளத்தை அவர்கள் அறியவில்லை. போரின்மேலிருந்து விழுந்து அவன் உயிர் பிரியும் தறுவாயிலேதான் உண்மை வெளியாகின்றது. மகனைப் பின்தொடர்ந்து தாயும் மறைகிறாள். பிரபுவுக்கும் குடியானவனுக்கும் இடையே ஒரு காலத்திலே இருந்த பாலம் உடைந்துவிட்டது என்று ஆர்ச்சில் தன் தங்கையிடம் கூறுகிறான்.

'இவனும் ஒரு மனிதனா?' என்று கேட்ட இளைஞருக்கும், உடைந்த பாலத்தைக் கண்ட ஐம்பது வயது மனிதருக்கும் இடையே உள்ள வேறுபாடு பெரிது. முன்னதிலே குற்றவாளி சோம்பேறிப் பிரபு. பின்னதிலே குற்றவாளி என்று சுட்டுவதற்கு ஒருவருமில்லை. நல்லவர்களாக இருப்பதனால் மட்டும் இடைவெளி மூடப்படுவதில்லை என்ற கசப்பான உண்மையை, அவ்விடைவெளியை மூடுவதற்காகவே பத்திரிகையும் பாடசாலையும் வங்கியும் நடத்திய ஒருவர் எழுதினார். அவர் எழுதிய கட்டுரைகள் அந்தப் பாலத்தைக் கட்டிவிடலாம் என்றன. அவர் எழுதிய கதை அவ்வளவு உறுதியாகச் சொல்லவில்லை.

புதிய தலைமுறையொன்று இதற்கிடையிலே தோன்றியிருந்தது. நோயே ஜோர்டானியா முதலிய சமூக ஜனநாயகவாதிகள், வகுப்புப் போராட்டமே வரலாற்றின் வழி என்றனர். தேசம் முழுவதும் ஒன்றுபட வேண்டும் என்ற இலியாவின் கொள்கை அவர்களுக்குப் பிரபுக்களின் நலனைக் காக்கும் திரையாகத் தோன்றியது. வங்கித் தலைவர் என்பதே அவர்கள் கையிற் கிடைத்த சான்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே இருபக்கத்தாரும் பத்திரிகைகளிற் கடுமையாக மோதிக்கொண்டனர். இலியாவின் எழுதுகோலும் அவ்வாதத்திலே பொறுமையை இழந்ததுண்டு. 1905ஆம் ஆண்டுப் புரட்சியின்போது நாடெங்கும் குடியானவர் எழுந்தனர். வாரம் கொடுக்க மறுத்தனர். அரசாங்கம் படைகளை அனுப்பி ஊர்களை எரித்தது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் அடிமையின் கண்ணீரை எழுதிய அதே மனிதரை, இப்பொழுது எழுந்தவர்களிற் பலர் பழைய ஆண்டைகளில் ஒருவராகவே கண்டனர்.

1906ஆம் ஆண்டிலே பிரபுக்களின் பிரதிநிதியாக ருஷியப் பேரரசின் மேற்சபையாகிய அரச சபைக்கு அவர் தெரிவு செய்யப்பட்டார். அவ்வாண்டு, மரண தண்டனையை ஒழிக்கும் மசோதாவைக் கீழ்ச்சபையாகிய டூமா நிறைவேற்றி மேற்சபைக்கு அனுப்பியது. புரட்சியை ஒடுக்குவதற்குத் தூக்குமரங்கள் நாடெங்கும் நாட்டப்பட்டிருந்த காலம் அது. அச்சபையிலே மரண தண்டனையை ஒழிக்க வேண்டும் என்று நின்றவர்களில் இலியாவும் ஒருவர். மசோதா சட்டமாகவில்லை.

1907ஆம் ஆண்டு ஆகஸ்ட் 30ஆம் நாள், இன்றைய நாட்காட்டியின்படி செப்டெம்பர் 12ஆம் நாள், இலியா தம் மனைவி ஒல்காவுடன் திபிலீசியிலிருந்து சகுராமோ என்னும் தமது ஊர் வீட்டுக்குக் குதிரை வண்டியிலே சென்றுகொண்டிருந்தார். பழைய தலைநகராகிய ம்த்ஸ்கேத்தாவுக்கு அண்மையில், சித்சமூரி என்னும் இடத்திலே, புதரிலே பதுங்கியிருந்தவர்கள் சுட்டனர். இலியா இறந்தார். உடன் சென்ற வேலையாள் ஒருவரும் உயிரிழந்தார். ஒல்கா காயமடைந்தார். இலியாவுக்கு அப்போது வயது 69. கணக்கற்ற மக்கள் திரண்டு, திபிலீசி நகரை நோக்கி நிற்கும் ம்தாஸ்மிண்டா குன்றிலே அவரை அடக்கஞ் செய்தனர்.

சுட்டவர்கள் அயல்நாட்டார் அல்லர்; அந்த மண்ணிற் பிறந்தவர்களே. அவர்களை ஏவியவர் யார் என்னும் கேள்வி அன்று தொடங்கி ஓயவில்லை. சக்கரவர்த்தியின் இரகசியப் பொலிசார் என்பர் சிலர். சமூக ஜனநாயகவாதிகள் என்பர் சிலர். சோவியத் ஆட்சிக் காலத்திலே, 1940களின் தொடக்கத்தில், எஞ்சியிருந்த ஒருவனைப் பிடித்து மீண்டும் விசாரணை நடத்தி, பழி முழுவதும் பழைய அரசாங்கத்தின் பொலிசாரைச் சேர்ந்தது என்று முடிவு கூறினர். அம்முடிவு அவ்வாட்சிக்கு வசதியான முடிவு என்பதனால், பின்வந்த ஆய்வாளர் அதை அப்படியே ஏற்கவில்லை. ஆட்சிகள் மாறியபோதும் இலியாவின் பெயரை எவரும் கைவிடவில்லை. 1937இல் நூற்றாண்டு விழா எடுத்தது சோவியத் அரசு. 1987இல் ஜோர்ஜிய ஓர்த்தொடொக்ஸ் திருச்சபை அவரை 'நீதிமானாகிய இலியா' என்று புனிதர் வரிசையிலே சேர்த்தது. 1991இல் மீண்டும் விடுதலை பெற்ற நாடு பின்னர் வெளியிட்ட 20 லாரி நாணயத்தாளிலே அவருடைய உருவம் பொறிக்கப்பட்டது. வங்கித் தலைவர் என்பதற்காக வசைபாடப்பட்டவரின் முகம் நாணயத்தாளிலே நிலைத்தது விந்தையே.

கொலைக் குற்றஞ் சாட்டப்பட்டுப் பிடிபட்டவர்களுக்கு நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. காயத்தோடு உயிர் தப்பிய ஒல்கா அம்மையார், கோக்கேசியத்தை ஆண்ட இராசப்பிரதிநிதிக்கு ஒரு விண்ணப்பம் செய்தார். தம் கணவரைக் கொன்றவர்களைத் தூக்கிலிட வேண்டாம் என்றும், இலியா உயிரோடு இருந்திருந்தால் அவர்களை மன்னித்திருப்பார் என்றும் அவ்வம்மையார் கேட்டுக்கொண்டார்.